நல்ல நாளின் எண்

ராஜபாளையத்தில் நூல் வாங்க வந்தவரிடம் "நாற்பதாம் நம்பர்" என்று மட்டும் சொன்னால் பேச்சு அதோடு முடியாது. "சி.வி. எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வரும். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகளோடு வளர்ந்த ஊர் இது. ஒற்றை எண்ணைச் சொல்லி இங்கே நூலை விற்றுவிட முடியாது.

நம்பர் எப்படி வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். மில்லின் பரிசோதனைக் கூடத்தில் ராப் ரீல் என்று ஒரு கருவி இருக்கும். அதன் சுற்றளவு ஒன்றரை கஜம். நூலை எண்பது சுற்று சுற்றினால் 120 கஜம். அது ஒரு லீ. அந்த லீயைக் கழற்றித் தராசில் போட்டு, 1.62 கிராம் காட்டினால் நூல் நாற்பதாம் நம்பர். கணக்கு சரிதான். ஆனால் அந்த 120 கஜத்துக்குள் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இளைத்தும் போயிருக்கலாம். தராசுக்கு அது தெரியாது, தறிக்குத் தெரியும். இளைத்த இடத்தில் இழை அறும், தறி நிற்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் இன்னொரு இயந்திரம் தேவைப்படுகிறது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நூலை ஓடவிட்டு, அதன் பருமன் மாற மாற மின்தேக்கம் மாறுவதை அளந்து, ஏற்ற இறக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். அந்தச் சதவீதம்தான் சி.வி.

சராசரிக்கு ஓர் எண், ஏற்ற இறக்கத்துக்கு இன்னோர் எண் என்று மில்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களோ இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து அதற்கு ஹேண்டிகேப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே அடைபட்டிருப்பது இன்னதென்று தெரியாமலே பலர் அந்த எண்ணைப் பெருமையாகவோ கூச்சத்தோடோ சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் கோல்ஃபுக்குப் பேர்போன ஊர்கள் அல்ல. ஆசை வந்தால் கொடைக்கானலுக்கு மலையேறலாம். அங்குள்ள கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் பதினெட்டுக் குழிகள். புல்வெளியில் காட்டெருமை நின்றால் அது நகரும் வரை ஆட்டம் நிற்கும். ஊட்டியில் ஒன்று உண்டு. சென்னையில் கிண்டி குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு உள்ளேயே நெடுங்காலம் கோல்ஃப் ஆடியிருக்கிறார்கள். வெளிவட்டத்தில் ஓடும் குதிரைக்கும் ஹேண்டிகேப், உள்வட்டத்தில் ஆடும் மனிதருக்கும் ஹேண்டிகேப்! திறமைசாலிக் குதிரையின் முதுகில் கூடுதல் எடையை ஏற்றுவார்கள். திறமை குறைந்த மனிதருக்கு அடியில் சலுகை கொடுப்பார்கள். நோக்கம் ஒன்றுதான், சமமில்லாதவர்களைச் சமமாக மோதவிடுவது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பந்தைப் பதினெட்டுக் குழிகளிலும் குறைந்த அடியில் போட வேண்டும். தேர்ந்தவருக்கு ஒரு குழிக்கு இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அது பார். எல்லாக் குழிகளையும் கூட்டினால் பெரும்பாலும் 72 வரும். ஒருவர் 92 அடியில் முடித்து, அவருக்கு 18 அடி சலுகை இருந்தால், நிகரக் கணக்கு 74. சலுகையே இல்லாதவர் 75-இல் முடித்திருந்தால், 92 அடித்தவர்தான் வென்றவர். வேறெந்த விளையாட்டிலும் சாதாரண ஆள் ஒருவர் ஊர் சாம்பியனோடு மோதி நியாயமாக ஜெயிக்க இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். நூறு மீட்டர் ஓட்டத்தில் யாரும் நம்மை முப்பது மீட்டர் முன்னால் நிறுத்துவதில்லை.

சரி, "எனக்கு ஹேண்டிகேப் 18" என்று ஒருவர் சொன்னால் என்ன புரிந்துகொள்வோம்? 72-உம் 18-உம் 90, ஆக மனிதர் சராசரியாக 90 அடிப்பார் என்றுதான். அது தவறு. அவர் வழக்கமாக அடிப்பது 92, 93, சிலர் விஷயத்தில் 95 கூட. 90 என்பது அவருடைய நல்ல நாள்.

காரணம் கணக்கிடும் முறையில் இருக்கிறது. 2020 வரை உலகில் ஆறு வெவ்வேறு ஹேண்டிகேப் முறைகள் இருந்தன. அந்த ஆண்டு அவற்றை ஒன்றாக்கி உலக ஹேண்டிகேப் முறை என்று கொண்டுவந்தார்கள். இந்தியாவிலும் இப்போது அதுதான். கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களை எடுத்துக்கொள்வார்கள். அதில் சிறந்த 8-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற 12-ஐ ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அந்த எட்டின் சராசரியிலிருந்து வருவதுதான் உங்கள் எண். அமெரிக்காவின் பழைய முறை இன்னும் விசித்திரம்: இருபதில் சிறந்த பத்தின் சராசரியை எடுத்து, அதையும் 0.96-ஆல் பெருக்கிக் கொஞ்சம் குறைப்பார்கள்.

பாதிக்கு மேல் ஆட்டங்களைத் தூக்கி எறிகிற அளவுகோல் என்ன அளவுகோல் என்று கேட்கலாம். எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகப் படுகிறது. மோசமாக ஆட யாராலும் முடியும். தூக்கமில்லாத இரவு, முதுகுவலி, எதிராளியோடு மனஸ்தாபம், அடுத்த மாதப் போட்டிக்குச் சலுகை கூட்டி வைத்துக்கொள்ளும் தந்திரம் என்று கெட்ட ஆட்டத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நன்றாக ஆடுவதை மட்டும் நடிக்க முடியாது. எண்பது அடியில் ஒருவர் முடித்திருந்தால் அந்த எண்பது அவர் கைக்குள் இருக்கிறது என்று பொருள். ஆகவே ஹேண்டிகேப் அளக்க நினைப்பது நீங்கள் வழக்கமாக என்ன செய்கிறீர்கள் என்பதை அல்ல, உங்களால் என்ன முடியும் என்பதை.

கெட்டதை மறைக்கும் வேலை ஒவ்வொரு குழியிலும் நடக்கிறது. பார் நான்கு உள்ள ஒரு குழியில் ஒருவருக்கு ஓர் அடி சலுகை என்று வைத்துக்கொள்வோம். மூன்று பந்தைக் குளத்தில் விட்டு அவர் பதினோராவது அடியில்தான் குழியில் போடுகிறார். நண்பர்கள் சிரிக்கும்போது அது பதினொன்று. ஹேண்டிகேப் கணக்கில் அது ஏழு. பார், அதோடு இரண்டு, அதோடு அவருக்குரிய சலுகை — அதற்கு மேல் போகும் அடிகளை வெட்டிவிடுவார்கள். ஒரே ஒரு குழியில் நடந்த விபத்து முழு எண்ணையும் கெடுக்கக் கூடாது என்பது யோசனை.

சிறந்த எட்டை மட்டும் எடுப்பதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. உங்கள் ஹேண்டிகேப் அளவுக்கு நீங்களே எத்தனை நாள் ஆடுவீர்கள்? ஸ்கோர்கள் மணி வடிவ வளைவில் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், இருபதில் சிறந்த எட்டின் சராசரி, மொத்தச் சராசரியைவிடத் திட்ட விலக்கத்தில் 0.93 பங்கு கீழே நிற்கும். அதைத் தொடவோ தாண்டவோ உள்ள வாய்ப்பு சுமார் 18 சதவீதம். ஐந்தாறு ஆட்டத்துக்கு ஒரு தடவை. "என் ஹேண்டிகேப்புக்கு ஆடவே வரமாட்டேன்கிறது, ஃபார்ம் போய்விட்டது" என்று புலம்புகிறவர்கள் எல்லா கிளப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எண்ணே அப்படிப்பட்டது.

இப்போது நூலின் சி.வி.க்கு வருவோம். கற்பனையாக இரண்டு பேர். ராஜபாளையத்துக்காரர் ஒருவர், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர். (எந்த ஊர்க்காரருக்கு எந்தக் குணம் என்று நான் கொடுத்திருப்பதற்கு உள்நோக்கம் எதுவும் இல்லை; மாற்றிப் போட்டும் படித்துக்கொள்ளலாம்.) இருவருமே சராசரியாக 92 அடிப்பவர்கள். ராஜபாளையத்துக்காரர் நிதானம், அவருடைய திட்ட விலக்கம் 2 அடி. இன்றைக்கு 91, நாளைக்கு 93, என்றைக்காவது 95. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஓங்கி அடிப்பவர். விலக்கம் 5 அடி. ஒரு நாள் 85 அடித்து ஊரைக் கூட்டுவார், மறுநாள் 99-இல் முடித்து யாரிடமும் பேசாமல் வண்டியேறுவார்.

நடுத்தரமான மைதானம், ரேட்டிங் 72 (இதன் விளக்கம் பின்னால் வரும்) என்று வைத்து மேலே சொன்ன 0.93-ஐப் போட்டால், நிதானக்காரரின் ஹேண்டிகேப் 18.1. ஓங்கி அடிப்பவருக்கு 15.4. சராசரி ஒன்றேதான், ஆனாலும் கார்டைப் பார்ப்பவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கிட்டத்தட்ட மூன்று அடி கூடுதல் திறமைசாலி. அவருடைய நல்ல நாட்கள் மிக நல்லவை, கெட்ட நாட்களைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதையே திருப்பிப் போடுங்கள். இருவர் கையிலும் 18 என்று ஒரே ஹேண்டிகேப் இருக்கட்டும். அப்படியானால் நிதானக்காரரின் சராசரி 92-க்குச் சற்றுக் கீழே, மற்றவருடையது 94.6. இருவரும் நேருக்கு நேர் அடிகளை எண்ணி மோதினால் பத்தில் ஏழு தடவை நிதானக்காரர் வெல்வார். நூறு பேர் கலந்துகொள்ளும் போட்டியில் இருவரும் இறங்கினால் கதை தலைகீழ். கோப்பையை எடுக்க நிகரக் கணக்கில் ஐந்து அடி குறைவாக, அதாவது 67-இல் முடிக்க வேண்டும் என்றால், நிதானக்காரருக்கு அந்த நாள் மூவாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் வரும். ஓங்கி அடிப்பவருக்கு நாற்பதில் ஒன்றாவது வரும். கிளப் போட்டியில் பரிசு வாங்குகிறவர் எப்போதும் கன்னாபின்னாவென்று ஆடுகிறவராகவே இருக்கிறாரே, ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகப்படுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சதுரங்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த ரேட்டிங், வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். கெட்ட நாளையும் நல்ல நாளையும் ஒரே கண்ணால் பார்க்கும். அது சராசரியைத்தான் சொல்கிறது. 2024 நவம்பர்-டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு மோதியபோது குகேஷின் ரேட்டிங் 2783, டிங் லிரெனுடையது 2728. 55 புள்ளி வித்தியாசத்துக்கு 14 ஆட்டத்தில் குகேஷ் சுமார் 8.1 எடுக்க வேண்டும் என்கிறது ஈலோவின் சூத்திரம்; அவர் எடுத்தது 7.5. ரேட்டிங் ஓர் எதிர்பார்ப்பு, அதற்கு இரண்டு பக்கமும் தவறலாம். ஹேண்டிகேப் ஏறக்குறைய ஓர் உச்சவரம்பு. பெரும்பாலான நாள் ஒரே பக்கம்தான் தவறும். இரண்டையும் "திறமையின் எண்" என்ற ஒரே பெயரில் அழைக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

சதுரங்கப் பலகை எங்கேயும் அறுபத்து நான்கு கட்டம்தான். கோல்ஃப் மைதானம் அப்படியல்ல. ஒருவர் ஓரிடத்தில் 90 அடித்தார், இன்னொருவர் வேறிடத்தில் 95. யார் நன்றாக ஆடினார்? மைதானத்தைச் சொல்லாமல் விடை கிடையாது. ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண்கள் கொடுத்திருக்கிறார்கள். சலுகையே தேவைப்படாத, ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ள ஆட்டக்காரர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்பது கோர்ஸ் ரேட்டிங். சுமார் இருபது ஹேண்டிகேப் உள்ள சாதாரண ஆட்டக்காரர் அவரைவிட எவ்வளவு அதிகம் திண்டாடுவார் என்பது ஸ்லோப். பெயரைக் கேட்டு மேடு பள்ளம் என்று நினைக்க வேண்டாம். திறமை குறையக் குறைய அடி எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைக் காட்டும் சரிவு அது. 55-இல் தொடங்கி 155 வரை போகும், நடுத்தரம் 113.

அளக்க வரும் குழு பந்தை அடித்துப் பார்த்து மதிப்பிடுவதில்லை. டேப்பும் கருவியுமாக நடக்கும். தேர்ந்தவர் முதல் அடியில் 250 கஜம் போவார், சாதாரண ஆள் 200 கஜம் என்று வைத்துக்கொண்டு, அந்த இரண்டு இடங்களிலும் நின்று பார்ப்பார்கள். பந்து விழும் இடத்தில் பள்ளம் உண்டா, மணல்குழி எத்தனை கஜத்தில், மரம் வழி மறிக்கிறதா, தாண்ட வேண்டிய தண்ணீர் எவ்வளவு அகலம், குழியைச் சுற்றிய புல்தளமான கிரீன் எவ்வளவு வேகம் என்று பத்து வகைத் தடைகளுக்கு மதிப்பெண் போடுவார்கள். கண்ணை மிரட்டும் குழிக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. அதற்கு மனரீதியான தடை என்றே பெயர். 250 கஜத்தில் இருக்கும் மணல்குழி சாதாரண ஆளுக்கு ஒரு பொருட்டே அல்ல, அவர் பந்து அவ்வளவு தூரம் போகாது. 180 கஜத்தில் தாண்ட வேண்டிய ஓடை அவருக்கு எமன், தேர்ந்தவருக்கு வெறும் காட்சி. ஸ்லோப் பிறப்பது இந்த வித்தியாசத்தில்.

உயரமும் கணக்கில் வரும். கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எதிர்ப்பு குறைவதால் பந்து கூடுதலாகப் பறக்கும். 200 கஜம் அடிப்பவருக்குப் பத்து கஜத்துக்கு மேல் இனாமாகக் கிடைக்கும். சமவெளியிலிருந்து போனவர் முதல் நாள் தன் தோள்வலிமையை மெச்சிக்கொள்வார். மதிப்பீட்டுக் குழு மெச்சாது. இரண்டாயிரம் அடிக்கு மேல் உள்ள மைதானங்களில் அந்த இனாமை நீளத்திலிருந்து கழித்துவிடும். அன்றைக்குப் பனிமூட்டமும் சாரலுமாக இருந்தால் அதற்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறார்கள்: அன்று ஆடிய எல்லாருடைய ஸ்கோரையும் பார்த்து, எதிர்பார்த்ததைவிட மொத்தமாக மோசமாக இருந்தால் மூன்று அடி வரை விட்டுக்கொடுப்பார்கள். அதற்குக் குறைந்தது எட்டுப் பேராவது அன்று கார்டு கொடுத்திருக்க வேண்டும். மழையில் தனியாக நனைந்து ஆடியவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கேள்விக்கு வருவோம். 95 அடித்த மைதானத்தின் ரேட்டிங் 71, ஸ்லோப் 135. 95-இல் 71 போக 24. அதை 113-ஆல் பெருக்கி 135-ஆல் வகுத்தால் 20.1. 90 அடித்த மைதானத்தின் ரேட்டிங் 69, ஸ்லோப் 113. அங்கே வருவது 21.0. ஆக ஐந்து அடி அதிகம் அடித்தவர்தான் நன்றாக ஆடியவர். ஹேண்டிகேப்பின் உண்மையான சாதனை இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஏழாயிரம் அடி உயரத்தில் ஆடியதையும் கடல் மட்டத்தில் ஆடியதையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

அந்தத் தராசும் போதுமான ஆட்டங்கள் இருந்தால்தான் நிலையாக நிற்கும். வாரம் இருமுறை ஆடுகிறவருக்கு இருபது கார்டு மூன்றே மாதத்தில் சேர்ந்துவிடும். ஆண்டுக்கொரு முறை சீசனுக்குக் கொடைக்கானல் போய் நான்கு ஆட்டம் ஆடுகிறவருக்கு ஐந்து ஆண்டு வேண்டும். அவருடைய எண்ணில் ஐந்து வயது இளைய மனிதரும் கலந்திருப்பார். தொடங்குவதற்கு மூன்று ஆட்டம் இருந்தால் போதும். மூன்றில் சிறந்ததை எடுத்து அதிலும் இரண்டைக் கழித்து ஓர் எண் கொடுப்பார்கள். மூன்று லீ எடுத்து ஒரு லாட் நூலையே பாஸ் பண்ணுவதை எந்த மில் சூப்பர்வைசரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் புது ஆளை ஆட்டத்தில் சேர்க்க வேறு வழி இல்லை.

எண்ணுக்கு வேலி போட்டும் வைத்திருக்கிறார்கள். கடந்த 365 நாட்களில் நீங்கள் தொட்ட மிகக் குறைந்த எண்ணிலிருந்து மூன்று அடிக்கு மேல் உயர்ந்தால், அந்த மேல்மிச்சத்தில் பாதிதான் ஏறும். ஐந்துக்கு மேல் ஏறவே விடாது. திடீரென்று உங்கள் எண்ணைவிட ஏழு அடி நன்றாக ஆடிவிட்டால் உடனே ஓர் அடி வெட்டு, பத்து அடி என்றால் இரண்டு. ஏறுவதற்குத் தயக்கம், இறங்குவதற்கு அவசரம். பரிசுக்காக எண்ணை உப்பவைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதிய விதி அது. தோற்ற கார்டைக் கொடுக்காமல் பையில் மடித்து வைத்து, சிறிய எண்ணோடு கௌரவமாக உலவுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி விதிப்புத்தகம் அதிகம் கவலைப்படுவதில்லை, அவர்கள் தங்கள் பணத்தைத்தான் தோற்கிறார்கள்.

எங்கே திறமை, எங்கே ஓட்டை என்று ஹேண்டிகேப் சொல்லவே சொல்லாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வோர் அடியும் அளந்து பதிவான தரவை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். முன்னணி வீரர்கள் மற்றவர்களைவிடச் சேமிக்கும் அடிகளில், கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடும் பட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம்தான் என்று வந்தது. மூன்றில் இரண்டு பங்கு, தூரத்திலிருந்து அடிக்கும் அடிகளில் கிடைத்தது. பட்டிங்தான் ஆட்டத்தை ஜெயிக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பையைச் சுமந்து கூடவே நடக்கிற கேடிக்கு இந்த விவரம் ஏற்கெனவே தெரியும்: இவர் இடப்பக்கம் தண்ணீர் இருந்தால் வலப்பக்கம் மரத்துக்குள் அடிப்பார், அவர் மூன்றடி தூரத்தில் நடுங்குவார். இருவருடைய எண்ணும் 18 ஆகவே இருக்கலாம்.

ஓங்கி அடிப்பவருக்குப் பெரிய போட்டிகளில் கிடைக்கும் ஆதாயம் விதி வகுத்தவர்களுக்கும் தெரியும். ஒருவரோடு ஒருவர் மோதும் மேட்ச் பிளேயில் சலுகையை முழுதாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். பலர் கலந்துகொள்ளும் தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் 95 சதவீதம்தான்; பொதுவாகச் சலுகை பெரிதாக இருப்பவருக்கு ஏற்ற இறக்கமும் பெரிது என்பதால் வெட்டும் அவருக்கே அதிகம் விழும். ஜோடி சேர்ந்து ஆடும் ஃபோர்பாலில், ஒவ்வொரு குழியிலும் இருவரில் யார் அடி குறைவோ அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் குளத்தில் விட்ட பந்தை மற்றவர் ஆட்டம் மூடி மறைத்துவிடும். ஆக கெட்ட குழிக்குத் தண்டனையே இல்லை, நல்ல குழிக்கு முழுப் பலன். தறிகெட்டு ஆடுவது அங்கே ஒரு மூலதனம். அதனால் ஃபோர்பால் ஸ்ட்ரோக் பிளேயில் சலுகையை 85 சதவீதமாகக் குறைக்கச் சொல்கிறது விதி. 20 அடி உரிமை உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு 17 கிடைக்கும். ஒரு குழியையும் வீணாக்காமல் ஆடும் ராஜபாளையத்துக்காரருக்கும் 20 என்றிருந்தால், அவருக்கும் அதே 17தான். சூத்திரத்துக்குள் போவது ஹேண்டிகேப் மட்டும்தான், சி.வி. கேட்க அங்கே ஆள் இல்லை.